கட்டணச் செயற்கைக்கோள் வானொலி (பேராக்)

சந்தா பெற்றுச் செயற்கைக்கோள் வழி ஒலிபரப்பும் வானொலிச் சேவை. மலேசியாவில் இது தனித் தொழிலாக வேரூன்றவில்லை. 1996இல் தொடங்கிய அஸ்ட்ரோ, மீசாட் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சியோடு வானொலியையும் சேர்த்தே தந்தது. பேராக்கின் ஈப்போவிலும், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலும் வீட்டுக் கூரைக்கு அலைவாங்கித் தட்டு வந்தது தமிழ்ப் படங்களுக்கும் தொடர்களுக்கும்தான்; பாட்டு கூடவே வந்தது. அடைமழையில் அந்த அலை அறுந்துபோகும். அரசின் மின்னல் எஃப்எம்மும் விளம்பர வருவாயில் நடக்கும் ராகா வானொலியும் காசில்லாமல் கேட்கும்போது வானொலிக்கென்று தனிச் சந்தா எடுபடுவது கடினம்.

இத்தொழிலின் பெரிய ஆசியப் பாடம் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனம். 2000இல் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியே இந்தியாவில் சந்தா சேர்த்து, தமிழுக்கும் ஓர் அலைவரிசை நடத்தியது. ஏ. ஆர். ரகுமான் அதன் விளம்பர முகம். தனிப் பெட்டி வாங்க வேண்டும். வானம் தெரியும்படி ஆன்டெனா வைக்க வேண்டும். ஓடும் காரில் கேட்கத் தரைவழி மறுஒலிபரப்பிகள் இல்லை. 2008இல் நிறுவனம் நொடித்தது. 2009 இறுதியில் இந்தியச் சேவை நின்றது. அமெரிக்காவில் இதே தொழிலில் இருந்த சிரியஸும் எக்ஸ்எம்மும் 2008இல் இணைந்து தப்பின. அங்கே புதுக் கார்களிலேயே வானொலிப் பெட்டி பொருத்தப்பட்டு வந்தது. இதுவே பெரிய வேறுபாடு என்பது என் கணிப்பு. பேராக்கில் இன்று ராகாவை சியோக் செயலி வழியாகக் கைப்பேசியிலேயே கேட்கலாம்.