தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

மெக்சிகோவைப் பற்றி எழுதுபவர்கள் அனைவரும் போர்ஃபிரியோ தியாஸின் பெயரில் வழங்கும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தோடுதான் தொடங்குவார்கள். பலமுறை கேட்டுத் தேய்ந்துபோன அதை விட்டுவிட்டு, ஓர் அணையிலிருந்து தொடங்கலாம்.

1969 செப்டம்பர் 8 அன்று, இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையொன்றை அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனும் மெக்சிகோ அதிபர் குஸ்தாவோ தியாஸ் ஓர்தாஸும் சேர்ந்து திறந்து வைத்தனர். அணைக்கு 'அமிஸ்தாத்' என்று பெயர். ஸ்பானிய மொழியில் நட்பு என்று பொருள். சரியாகப் பதின்மூன்று நாள்கள் கழித்து, எல்லை நெடுகிலும் அமெரிக்கச் சுங்கத் துறையினர் மெக்சிகோவிலிருந்து வரும் ஒவ்வொரு வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கினர். கஞ்சாக் கடத்தலைத் தடுக்கிறோம் என்றார்கள். 'இடைமறிப்பு' என்பது அந்த நடவடிக்கையின் பெயர். மைல் கணக்கில் வண்டிகள் நின்றன. கூலி வேலைக்கு அன்றாடம் எல்லை கடப்பவர்கள் வழியிலேயே நாளைத் தொலைத்தார்கள். அமெரிக்கப் பயணிகளை நம்பியிருந்த எல்லை நகரக் கடைகள் ஈயடித்தன. பிடிபட்ட கஞ்சாவோ சொற்பம்.

மூன்று வாரம்கூட நீடிக்காத இந்த நடவடிக்கையை வரலாற்று நூல்கள் தோல்வி என்று எழுதிச் செல்வதுண்டு. ஆனால் அதைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான கார்டன் லிட்டி அவ்வாறு கருதவில்லை. பின்னாளில் வாட்டர்கேட் வழக்கில் சிறை சென்ற அதே லிட்டிதான். கஞ்சாவைப் பிடிப்பது நோக்கமே அல்ல, மெக்சிகோவை மிரட்டிப் பணிய வைப்பதே நோக்கம், அது நிறைவேறியது என்ற பொருள்படத் தம் தன்வரலாற்றில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அக்டோபரில் நடவடிக்கை 'ஒத்துழைப்பு' என்று பெயர் மாற்றப்பட்டது. வயல்களின் மீது களைக்கொல்லி தெளிக்க 1969-இல் மறுத்த மெக்சிகோ, அடுத்த பத்தாண்டின் நடுவில் விமானத்திலிருந்தே தெளிக்கலாயிற்று.

வணிகப் பாதையை இறுக்கிக் காவல்துறைப் பணியைக் கறப்பது என்ற இந்த உத்தி 2025-இல் பிறந்ததாக நம் நாளிதழ்கள் எழுதின. அதன் வயது அப்போதே ஐம்பத்தாறு. இடைப்பட்ட காலத்தில் மாறியது உத்தியன்று, கதவின் அகலம்.

1969-இல் மெக்சிகோ தன் சந்தையை உயர்ந்த சுங்க வரிகளால் அடைத்து வைத்து, உள்நாட்டுத் தொழில்களை வளர்த்துக்கொண்டிருந்த நாடு. பாலங்கள் மூடினால் எல்லை நகரங்களுக்கு வலிக்கும். தலைநகருக்குப் பெரிதாக வலிக்காது. அந்த ஏற்பாடு 1982 ஆகஸ்டில் உடைந்தது. எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று நிதியமைச்சர் ஹெசூஸ் சில்வா எர்சோக் வாஷிங்டனிடம் ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 1 அன்று அதிபர் லோபெஸ் போர்த்தியோ வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். பிறகு நடந்தது எதிர்த்திசைப் பயணம். 1986-இல் காட் ஒப்பந்தம், 1994 ஜனவரி 1 முதல் நாஃப்டா. அந்த நாஃப்டா நாளிலேயே சியாபாஸில் ஸபாதிஸ்தாக்கள் ஆயுதமேந்தினர். மலிவான அமெரிக்க மக்காச்சோளம் மெக்சிகோவின் சிறு விவசாயியை என்ன செய்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள், இங்கே வேண்டாம்.

நாஃப்டாவின் முதலாண்டு முடிவதற்குள் பெசோ சரிந்தது. 1995-இல் அமெரிக்கா முன்னின்று திரட்டிய ஏறத்தாழ 5,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தில் அதன் சொந்தப் பங்கு 2,000 கோடி. அதற்கு ஈடாக, மெக்சிகோவின் எண்ணெய் ஏற்றுமதி வருமானம் நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கியின் கணக்கு வழியாகச் செல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 1938-இல் அந்நிய நிறுவனங்களிடமிருந்து மீட்டெடுத்த எண்ணெய் அது. மெக்சிகோ 1997 ஜனவரியில் கெடுவுக்கு முன்னரே கடனை அடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று மெக்சிகோவின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வடக்கே செல்கிறது. 2023-இல் சீனாவைப் பின்தள்ளி அமெரிக்காவுக்கு மிக அதிகமாகச் சரக்கு அனுப்பும் நாடாக அது ஆயிற்று. ஒரே வாசல் கொண்ட பெரிய வீடு என்று இதைச் சொல்லலாம்.

நாஃப்டாவின் வாசகத்தில் போதைப்பொருளுக்கும் ஆள் குடிபெயர்வுக்கும் இடமில்லாமல் போனது தற்செயலன்று. வணிகக் கணக்கும் காவல் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படக் கூடாது என்பதில் சலினாஸ் அரசு கருத்தாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. 1985 பிப்ரவரி 7 அன்று குவாதலகாராவில் அமெரிக்கப் போதைத் தடுப்பு முகவர் என்ரிகே கமரேனா கடத்தப்பட்டார். உடனே எல்லைச் சோதனை இறுக்கப்பட்டு, பாலங்களில் மீண்டும் வரிசை நீண்டது. மார்ச் 5 அன்று, சித்திரவதைக்குள்ளான அவரது உடல் கிடைத்தது. 1990-இல் அந்தக் கொலையில் உடந்தை என்று குற்றஞ்சாட்டி ஒரு குவாதலகாரா மருத்துவரை அமெரிக்கா ஆள் வைத்துக் கடத்திச் சென்றது. கடத்தி வந்ததால் வழக்கு செல்லாது என்றாகிவிடாது என்று 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில், போதிய சாட்சியமில்லை என்று விசாரணை நீதிபதி அவரை விடுவித்தார். அதே மாதம் 17-ஆம் நாள் நாஃப்டா கையெழுத்தாயிற்று. ஏடுகள் இரண்டும் பிரிந்திருந்ததால்தான் இது முடிந்தது. 1997 பிப்ரவரியில் மெக்சிகோவின் போதைத் தடுப்புத் தலைவரான ஜெனரல் குத்தியெரஸ் ரெபோயோவே கடத்தல் கும்பலின் ஆள் என்று கைதானபோதும், ஒத்துழைக்கும் நாடு என்ற ஆண்டுச் சான்றிதழை கிளின்டன் மெக்சிகோவுக்கு வழங்கினார். வணிகம் அவ்வளவு முக்கியமாகியிருந்தது.

கமரேனா கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ரஃபாயல் காரோ கின்தேரோவின் கதை இந்த ஏடுகள் மறுபடி ஒன்றானதைக் காட்டுகிறது. நாற்பதாண்டுத் தண்டனை பெற்ற அவரை, தவறான நீதிமன்றத்தில் விசாரித்துவிட்டார்கள் என்று கூறி 2013-இல் மெக்சிகோ நீதிமன்றமொன்று விடுவித்தது. 2022 ஜூலையில் சினலோவா மலைப்பகுதியில் கடற்படையினர் அவரை மீண்டும் பிடித்தனர். புதருக்குள் ஒளிந்திருந்தவரைக் கண்டுபிடித்தது மேக்ஸ் என்ற மோப்ப நாய்.

இதற்கிடையில் கதவு இரண்டு முறை ஆட்டப்பட்டது. 2019 மே 30 அன்று, மத்திய அமெரிக்காவிலிருந்து வருபவர்களைத் தடுக்காவிட்டால் மெக்சிகோவின் எல்லாப் பொருள்களுக்கும் 5 விழுக்காட்டில் தொடங்கி 25 வரை வரி என்று டிரம்ப் அறிவித்தார். எட்டு நாள்களில் உடன்பாடு. உள்நாட்டுக் குற்றங்களை ஒடுக்கவென்று அவ்வாண்டு உருவாக்கப்பட்ட தேசியக் காவல் படை, தன் தொடக்க நாள்களிலேயே குவாத்தமாலா எல்லையில் ஏழை வழிப்போக்கர்களை மறிக்க நின்றது. 2022 ஏப்ரலில் டெக்சஸ் மாநில ஆளுநர் கிரெக் அபட் தம் பங்குக்கு, பாலங்களைக் கடந்து வரும் லாரிகளை மாநிலக் காவலர்களைக் கொண்டு மறுசோதனை செய்யவைத்தார். ஃபார் பாலத்தில் லாரி ஓட்டுநர்கள் மறியல் செய்தனர்; பழங்களும் காய்கறிகளும் வண்டியிலேயே அழுகின. ஒரு வாரத்தில் நான்கு மெக்சிகோ மாநிலங்களின் ஆளுநர்கள் அவரோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டனர். லிட்டி உயிரோடு இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

2025-இல் நடந்தது இதன் பேருருவம். நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலை முதல் நடப்பிலிருந்த புதிய ஒப்பந்தம் டிரம்ப் தாமே கையெழுத்திட்டது. அதையும் மீறி, ஃபென்டனிலைக் காரணம் காட்டி 25 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 3 அன்று அதிபர் க்ளவ்தியா ஷேன்பாம் எல்லைக்குப் பத்தாயிரம் படையினரை அனுப்ப ஒப்புக்கொண்டு ஒரு மாத அவகாசம் பெற்றார். அவகாசம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், பிப்ரவரி 27 அன்று, முறையான நாடுகடத்தல் நடவடிக்கைக்கு வெளியே, 29 கைதிகள் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் காரோ கின்தேரோ. ஆயினும் மார்ச் 4-இல் வரி நடப்புக்கு வந்தது; இரண்டு நாளில், ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட பொருள்களுக்கு விலக்குக் கிடைத்தது.

இதை அடிபணிதல் என்று மட்டும் வருணிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாழ்ப்பாள் மறுபக்கமும் உண்டு. 2020 அக்டோபரில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் சியென்ஃபுவேகோஸ் லாஸ் ஏஞ்சலிஸில் கைதானபோது, மெக்சிகோ காட்டிய கோபத்தில் அடுத்த மாதமே அமெரிக்கா வழக்கைக் கைவிட்டது. டிசம்பரில் அந்நிய முகவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மெக்சிகோ நிறைவேற்றியது. இறையாண்மை வென்றதுதான். ஆனால் 2021 ஜனவரியில் மெக்சிகோ அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்த ஜெனரல் மீது குற்றமில்லை என்று கோப்பை மூடியது. இறையாண்மை யாருக்குக் குடையாயிற்று என்ற கேள்வி எழாமலில்லை. 2006 டிசம்பரில் கால்தெரோன் இராணுவத்தை வீதிக்கு இறக்கியது முதல் அமெரிக்காவின் நம்பிக்கைக்குரியவராக வலம்வந்த பாதுகாப்புச் செயலாளர் ஹெனாரோ கார்சியா லூனா, கும்பலிடம் கையூட்டு வாங்கியவரென 2023-இல் நியூயார்க்கில்தான் குற்றவாளி என்ற தீர்ப்பைப் பெற்றார். மெக்சிகோவில் காணாமற்போனோர் பதிவேடு 2022-இல் ஒரு லட்சத்தைக் கடந்தது. அந்தப் பெயர்கள் வணிக ஏட்டிலும் இல்லை, காவல் ஏட்டிலும் இல்லை.

தெற்கே செல்லும் துப்பாக்கிகளும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மெக்சிகோவில் கும்பல்களிடம் சிக்கித் தடம் கண்டறியப்படும் ஆயுதங்களில் பெரும்பகுதி அமெரிக்கக் கடைகளிலிருந்து வந்தவை. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்களின் மீது மெக்சிகோ 2021-இல் பாஸ்டனில் தொடுத்த வழக்கை, 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. ஃபென்டனிலுக்கு வரி போடுபவரிடம் துப்பாக்கிக்கு வரி கேட்க மெக்சிகோவின் கையில் கதவு இல்லை.

தன் பிற கதவுகளை அடைக்க மட்டும் அதனால் முடிகிறது. தடையற்ற வணிக ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் 1,400-க்கு மேற்பட்ட பொருள் வகைகளுக்கு, 50 விழுக்காடு வரை, 2026 ஜனவரி முதல் வரியை உயர்த்தியது. முதன்மை இலக்கு சீனா. இந்தியாவும் அதில் சிக்கியது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து மெக்சிகோவுக்குக் கார்கள் போய்க்கொண்டிருந்தன என்பதால் இது நமக்கும் தொலைவான செய்தியன்று. உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே இந்த வரி என்கிறது அரசு. 2026 ஜூலை 1 என்று ஒப்பந்தமே குறித்திருந்த மறுபரிசீலனை நாளை மனத்தில் வைத்து, வடக்கே இருப்பவரின் முகம் பார்த்துப் போட்டது என்று நான் வாசிக்கிறேன்.

2025 ஆகஸ்டில் மேலும் 26 கைதிகள், 2026 ஜனவரியில் 37 கைதிகள் வடக்கே அனுப்பப்பட்டனர். பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவசரநிலை அதிகாரச் சட்டம் அதிபருக்கு வரி விதிக்கும் உரிமையைத் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. ஃபென்டனில் வரிகளின் சட்ட அடிப்படை அத்தோடு போயிற்று. அதற்குள் 92 பேர் எல்லை தாண்டியிருந்தார்கள்.