கணக்கில் வராத டீவி கேம்

 

1983 ஜூலை 15ஆம் திகதி நின்டென்டோ கம்பனி ஜப்பானில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. பிறகு உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றார்கள். பதுளையில் நாம் 'டீவி கேம்' என்று சொன்னது அந்தக் கணக்கில் சேராது. நம்மிடம் இருந்தவை தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல்கள்.

எங்கள் வீட்டுக்கு அது சவூதியிலிருந்து வந்த உம்மாவின் பெட்டியில் வந்தது. இரண்டு வருடம் காணாத உம்மாவை விட்டுவிட்டு அன்றிரவு நான் டீவிக்கு முன்னால்தான் இருந்தேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கசட்டில் '9999999 இன் 1' என்றிருக்கும். உண்மையில் சில விளையாட்டுகளையே வேறு வேறு கட்டத்தில் தொடங்கவைத்துப் பட்டியலை நீட்டியிருந்தார்கள். டாங்கி கேம் ஞாபகமா? அது நம்கோ கம்பனியின் 'பேட்டில் சிட்டி'. 1985இல் ஜப்பானுக்கென்று வந்தது பசறை, ஹாலி எல பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இருவர் சேர்ந்து ஒரு கழுகைக் காக்க வேண்டும். லயத்தில் கரண்ட் இல்லாத என் கூட்டாளிதான் இரண்டாவது ஆள். 1996 வறட்சியில் மின்வெட்டு வந்தால், மீண்டும் முதல் கட்டத்திலிருந்துதான்.

பழைய கசட் வீட்டில் இருந்தால் வீசாதீர்கள். யார், எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம் கொண்டுவந்தார் என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். உம்மாமார் பட்ட பாடாவது கணக்கில் வரட்டும்.