மஹோகனியின் நுனிக்குருத்து

பினாங்கில் மஹோகனியைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சாலையோரத்திலேயே நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். காய் கிளையில் நிமிர்ந்து நிற்பதால் மலாயில் அதற்கு 'துஞ்சுக் லாஙிட்' என்று பெயர், வானத்தைச் சுட்டுவது. அந்த மரத்தை வானத்தை நோக்கி நேராக வளர விடாத புழு ஒன்று உண்டு.

மஹோகனி அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். கரீபிய இனம் 1795இல் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்தது, பேரிலை இனம் 1872இல். பிறகு மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது போன்ற தோட்டங்கள்தான் அன்றைக்கு சாம்ராஜ்யத்தின் மர அஞ்சலகங்கள்.

அமெரிக்காவில் இந்த மரத்தின் குருத்தைத் துளைத்தது ஹிப்சிபிலா கிராண்டெல்லா என்ற அந்துப்பூச்சி. கடல் தாண்டியதும் தொல்லை விட்டது என்றுதான் தோன்றும். ஆனால் மஹோகனி வேப்பங் குடும்பம். அதே குடும்பத்துச் சந்தன வேம்பைத் தின்று ஹிப்சிபிலா ரோபஸ்டா ஏற்கெனவே ஆசியாவில் வாழ்ந்துகொண்டிருந்தது. பிரெடெரிக் மூர் அதை 1886இல் விவரித்தார். ஊரைவிட்டு ஓடி வந்து பங்காளி வீட்டில் மாட்டிக்கொண்ட கதை.

இளந்தளிரில் முட்டை, புழு குருத்துக்குள் நுழைந்து நடுவைத் தின்கிறது, நுனி காய்கிறது, பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தளிர்கள் போட்டி போட்டுக் கிளம்புகின்றன. மரம் சாவதில்லை, கவையாகிறது. பலகைக்கு நேரான அடிமரம் வேண்டுமே! ஆசியாவில் மஹோகனித் தோட்டங்கள் பல இடங்களில் தோற்றதற்கு இதுவே முக்கியக் காரணம். இலங்கையில் பலாவோடு கலந்து நட்டு, நிழலால் தாக்குதலைக் குறைத்தார்கள். இந்தப் பூச்சி எட்டாத பிஜியில் பெருந்தோட்டங்களே உருவாயின.

இந்தப் பூச்சியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வனத்துறைக்காரர்கள், அதனால் 'சேதம்' என்ற கணக்கு முழுக்க மரவாடிக் கணக்கு. சாலைக்கு நிழல் போதும், கவை இருந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் பொறியியல் படிக்கும்வரை அப்படித்தான் கேட்டிருப்பேன். சம பருமனில் இரண்டு தண்டுகள் ஒட்டிப் பிரியும் இடம் பலவீனமான இணைப்பு. நடுவில் பட்டை சிக்கிக்கொள்ளும், எடை கூடும், புயல்காற்றில் பிளக்கும். புழு தின்றது ஒரு சாண் குருத்து; விழுவது பல ஆண்டுகள் கழித்து, கீழே நிறுத்திய கார்மேல்.

கன்றாக இருக்கும்போதே போட்டித் தளிர்களில் ஒன்றை விட்டு மற்றதை நறுக்கிவிட்டால் கவை விழாது. அதற்கு ஒரு கத்தரிக்கோல் போதும். வளர்ந்த பிறகு கிரேன் வர வேண்டும், ரோட்டை மூட வேண்டும்.