கருப்பையைக் காட்டிய காந்தம்

சிங்கப்பூர்த் தேக்காவின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை நம் பெரியவர்கள் அறிவார்கள். எருமைப் பட்டி என்று அப்பெயருக்குப் பொருள். 1924 முதல் அது பிரசவ மருத்துவமனை. 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று. ஆயினும், கருப்பை மாதந்தோறும் எப்படி மாறுகிறது என்பதை, வெட்டாமல், அடுக்கடுக்காகப் பார்க்க அன்று வழியில்லை.

1980களில் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவி வந்தது. பெரிய காந்தத்தின் நடுவே படுக்கவைத்து வானொலி அலையைச் செலுத்துவார்கள்; எக்ஸ்ரே கிடையாது. அலை நமக்குப் பழக்கமானதுதானே! மாதவிலக்கு முடிந்ததும் உட்சவ்வு மெலிந்திருப்பதும், பிறகு கருவுக்குப் பாய் விரித்தாற்போல் தடிப்பதும் படத்தில் தெரிந்தன.

அச்சவ்வு தசைக்குள் ஊடுருவி வலி தரும் நோயும் அதில் தெரிகிறது. நம் வீட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துச் சுருண்டபோது, "பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்" என்று சொல்லி, விடியுமுன் பால்மரம் சீவ அனுப்பினோம்.