சத்திரமும் வீடும்: சேலத்தில் ஓர் அயல்நாட்டார்

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. பிழைப்பின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ தன் ஊரை விட்டு வேற்றூருக்குச் சென்றவனைக் கேட்டால், 'குடிக்கூலிக்கு ஒரு வீடு தேடிப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வான். வேற்றூர் என்றாலே இந்தப் பாடு. வேற்று நாடு என்றால் சொல்லவே வேண்டியதில்லை. மொழி தெரியாது, முகம் தெரியாது, 'இவர் நல்லவர்' என்று சொல்ல ஒருவரும் இரார். அத்தகைய ஒருவர் நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் சேலத்திற்கு வந்து வீடு தேடிய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மன்னர்கள் போர் புரிந்த வரலாற்றைப் பாடநூல்களில் படிக்கிறீர்கள். ஒரு மனிதர் தங்க இடம் தேடியதும் வரலாறுதான் என்பது என் துணிபு.

அவர் பெயர் இராபர்ட் தெ நொபிலி. இத்தாலி நாட்டில் உயர்குடியில் 1577ஆம் ஆண்டு பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1605இல் கோவாவில் வந்திறங்கினார். மறு ஆண்டு, அஃதாவது 1606ஆம் ஆண்டின் இறுதியில், மதுரையை அடைந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் பல்லாண்டுகளாக வாழ்ந்து வந்தார். புதிதாக வந்தவர் முதலில் தங்கியது அவருடைய இல்லத்திலேதான். எந்த நாட்டிலும் புதியவன் முதலில் நாடுவது தன்னைப் போன்றவன் ஒருவனுடைய வீட்டைத்தானே!

ஆனால் அந்த வீட்டிலிருந்து பார்த்தபோது ஊர் அவருக்குத் திறக்கவில்லை. 'பறங்கி' என்ற ஒரு சொல் குறுக்கே நின்றது. போர்த்துகீசியரைக் குறித்த அச்சொல்லோடு மாட்டிறைச்சி, மது, ஒழுக்கக் குறைவு என்னும் எண்ணங்களையும் மக்கள் சேர்த்தே நினைத்தனர். பறங்கி என்று பெயர் பெற்றவனை எந்தத் தெருவும் தன்னுள் ஏற்காது. இதனை உணர்ந்த நொபிலி அவ்வில்லத்தை விட்டு வெளியேறினார். காவியுடை பூண்டார், புலால் நீத்தார், நாளுக்கு ஒருவேளை சோறும் கீரையும் உண்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். அந்தணர் வாழும் பகுதியில் ஒரு குடிலில் குடியேறினார். தாம் பறங்கி அல்லர் என்றும், உரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்த துறவி என்றும் ஓலையில் எழுதி, அதனைத் தம் வீட்டு வாயிலிலேயே மாட்டி வைத்தார். 'நீ யார்?' என்று தெரு கேட்ட வினாவுக்கு விடையைக் கதவிலேயே எழுதி வைத்த குடித்தனக்காரர் என்று அவரைச் சொல்லலாம். பின்னாளில் தமிழுலகம் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தது.

மதுரையில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1623ஆம் ஆண்டில் அவர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருமலை நாயக்கர் அரியணை ஏறிய ஆண்டும் அதுவே. திருச்சிராப்பள்ளியைக் கடந்து காவிரிக் கரையை விட்டு வடமேற்கே வந்தால், நாமக்கல் சமவெளி விரிகிறது. கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலம் இருக்கிறது. இன்று அஃது ஒரு சிற்றூர்; அன்று மதுரைக்குத் திறை செலுத்திய ஒரு நாயக்கரின் தலைநகரம். அங்கே ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் மலைமேல் நீங்கள் காணும் கோட்டையைக் கட்டியவர் இவரே என்று கூறுவாரும் உளர். அந்த நாயக்கர் புதிய துறவியை அன்புடன் வரவேற்றார். ஊர்த்தலைவன் வரவேற்றபின் ஊர் எப்படி மறுக்கும்? சேந்தமங்கலத்தில் இடத்துக்கு வருத்தமில்லை.

அங்கிருந்து சேலம் நெடுந்தொலைவு அன்று. சேர்வராயன் மலை, கஞ்சமலை, சருகுமலை, நகரமலை என்று நாற்புறமும் குன்றுகள் சூழ, திருமணிமுத்தாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. அங்கும் ஒரு நாயக்கர் ஆண்டார். இயேசு சபையாரின் கடிதங்கள் அவரைச் சேலப்பட்டி நாயக்கர் என்று குறிக்கின்றன. சேந்தமங்கலத்தில் பெற்ற வரவேற்பை இங்கும் நொபிலி எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் நடந்தது வேறு. அவருக்கு இடம் தர ஒருவரும் முன்வரவில்லை. பொதுச் சாவடியொன்றில், காற்றுக்கும் பனிக்கும் மறைவில்லாத நிலையில், பல நாள் தங்க நேர்ந்தது. உடல் நலமும் குன்றியது.

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். சேலத்து மக்கள் ஈரமற்றவர்களா? அப்படிக் கொள்வது பொருந்தாது. அந்தச் சாவடியைக் கட்டி வைத்தவர்களும் அம்மக்களே. தமிழ்நாட்டில் சத்திரமும் சாவடியும் மண்டபமும் இல்லாத பெருவழியே இல்லை. யாரென்று கேளாமல் நிழல் தருவதை அறம் என்று நம் முன்னோர் கருதினர். வீட்டுக்கு வெளியே திண்ணை கட்டி வைத்ததும் வழிப்போக்கன் தலை சாய்க்கத்தான். ஆனால் திண்ணைக்கும் நடைக்கும் இடையே ஒரு கதவு இருக்கிறது. திண்ணையில் படுப்பவன் விடிந்தால் போய்விடுவான். கதவைத் தாண்டி உள்ளே குடியேறுபவனோ கிணற்றில் நீர் இறைப்பான், அடுப்பு மூட்டுவான், அடுத்த வீட்டுக் குழந்தை அவன் முற்றத்தில் விளையாடும். அவன் செய்யும் நன்மை தீமை இரண்டும் தெருவின் பெயரைச் சேரும். ஆகவே, விருந்தினனுக்கு 'பசிக்கிறதா?' என்று கேட்கும் ஊர், குடி வருபவனைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கிறது. இரவலனுக்கு இரக்கம் போதும். குடித்தனக்காரனுக்கு நம்பிக்கை வேண்டும். சத்திரத்தைக் கட்டக் கல்லும் சுண்ணாம்பும் போதும். நம்பிக்கையைக் கட்டக் காலம் வேண்டும்.

அக்காலத்தில் இதைவிட வலிய ஒரு தடையும் இருந்தது. ஊரின் தெருக்கள் சாதி வாரியாகப் பிரிந்திருந்தன. எந்தச் சாதி என்று அறிய இயலாதவனுக்கு எந்தத் தெருவில் இடம் கொடுப்பது? இடம் கொடுத்தவனை மறுநாள் அவனுடைய உறவினர் என்ன சொல்வர்? வீட்டுக்காரனுக்குப் புதியவனைக் கண்டு இருந்த அச்சத்தைவிடத் தன் தெருவைக் கண்டு இருந்த அச்சமே பெரிது என்று நான் நினைக்கிறேன். இன்றும் பல மறுப்புகளின் வேர் இதுதான். 'எனக்கொன்றும் இல்லை, அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்கள்' என்ற சொற்றொடரை நாம் கேட்டதில்லையா?

நொபிலி சேலத்தை விட்டுப் போய்விடவில்லை, பொறுத்திருந்தார். நாளடைவில் நிலைமை மாறியது. அவருடைய கல்வியையும் ஒழுக்கத்தையும் அறிந்த நாயக்கர் அவருக்கு நண்பரானார். ஊரின் நல்ல பகுதியிலேயே அவருக்கு இருப்பிடம் கிடைத்தது. நாயக்கரின் தமையனாரும், ஆட்சியை இழந்து வாழ்ந்து வந்தவருமான திருமங்கல நாயக்கர் அவரிடம் பழகி, 1625ஆம் ஆண்டில் அவருடைய சமயத்தையே தழுவினார். நாடிழந்த ஓர் அரசரும் நாடு விட்டு வந்த ஒரு துறவியும் ஒருவரையொருவர் கண்டுகொண்டது வியப்பன்று. தமக்குரிய இடம் இது என்று உறுதியாகச் சொல்ல இயலாத நிலை இருவருக்கும் பொதுவாக இருந்தது அல்லவா?

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். நொபிலி வீடு பெற்றார். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. தம்மை முதலில் ஏற்றுக்கொண்ட பெர்னாண்டஸின் இல்லத்திலிருந்து அவர் விலகி வாழ நேர்ந்தது. கடற்கரையிலிருந்து வந்த எளிய கிறித்தவர்களோடு கலந்து பழகுவதையும் தவிர்த்தார். தெருக்களின் வேலியை அவர் உடைக்கவில்லை; வேலிக்கு உட்புறம் நிற்க வழி தேடினார். அவருடைய முறை பற்றிச் சபைக்குள்ளேயே கடும் விவாதம் எழுந்து, உரோமாபுரி வரை சென்றது. 1623ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருக்கு இசைவாகத் தீர்ப்பளித்தார். பின்னர், 1640ஆம் ஆண்டளவில், தாழ்த்தப்பட்டோரிடையே பணிபுரியப் 'பண்டார சாமிகள்' என்று தனிப் பிரிவினரை அச்சபை ஏற்படுத்தியது. பிரிவு நீங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. கல்வியும் உயர்குடிப் பிறப்பும் அரசனுடைய நட்பும் பெற்றிருந்த ஒருவருக்கே சாவடியில் பல நாள் கிடந்த பின்புதான் வீடு கிடைத்தது. இவை ஒன்றும் இல்லாத ஏழை அந்தத் தெருவில் கால் வைத்திருக்க இயலுமா? இந்த வினாவைக் கேட்டுப் பார்த்தால்தான் அக்காலச் சமுதாயம் நமக்கு முழுமையாகப் புலப்படும்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். இந்நிகழ்ச்சிகளை நாம் அறிவது அச்சபையார் எழுதிய கடிதங்களால். கதவைத் தட்டியவர் எழுதியதையே படிக்கிறோம். கதவுக்கு உள்ளே இருந்தவர் கூற்று நம் கைக்கு வரவில்லை. ஆதலால் அவர்களை எளிதிற் பழித்துவிடாமல் இருப்பதே வரலாறு பயில்வோர்க்கு அழகு.

தனியாக வந்தவர் பட்ட பாடு இது. கூட்டமாக வந்தவர்கள் கண்ட வழி வேறு. சேலத்தின் நெசவுக்குப் பெயர் தந்தவர்களில் பலர் வேற்று மொழி பேசி வந்தவர்களே. கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர், கூர்ச்சர நாட்டிலிருந்து பல தலைமுறைகளாகத் தெற்கே பெயர்ந்து வந்த சௌராட்டிரர் ஆகியோர் இங்கே தங்கள் தறிகளை நாட்டினர். பிறர் தெருவில் இடம் கேட்டு நிற்காமல், தமக்கென்று தெருக்களை அமைத்துக்கொண்டனர். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறியோசை கேட்கும் சந்துகளில் நான் நடக்கும்போதெல்லாம், ஒரு தொழில் ஒரு கூட்டத்திற்கு ஊரில் எவ்வளவு உறுதியாக வேர் கொடுத்துவிடுகிறது என்று எண்ணுவதுண்டு. வீட்டுக்குள் தாய்மொழி, வீதியில் தமிழ். அவர்கள் நெய்த வெண்பட்டு இன்று சேலத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. வந்தவர் ஊரால் பெயர் பெறுவதும் உண்டு. ஊர் வந்தவரால் பெயர் பெறுவதும் உண்டு.

நம் காலத்திற்கு வருவோம். 1983ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின் கடல் கடந்து வந்த தமிழர்க்குத் தமிழ்நாடெங்கும் முகாம்கள் அமைந்தன. நாமக்கல் பகுதியில் பரமத்தியிலும் ஒரு முகாம் உண்டு. மொழி ஒன்று; பண்பாடு ஒன்று; எனினும் வந்தவர்க்கு முதலில் கிடைத்தது தற்காலிகக் கூரைதான். சில நாளுக்கென்று எழுந்த அச்சிறு குடியிருப்புகளிலேயே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. அம்முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது 2021ஆம் ஆண்டில். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று அவ்வாண்டிலேயே மாறியது. சாவடியிலிருந்து வீட்டுக்கு வரும் தொலைவு நாற்பது ஆண்டுகளாகவும் நீளக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

வாடகை வீடுகளுக்கென்று சட்டமும் வளர்ந்திருக்கிறது. சென்னை மாநிலத்தில் 1960ஆம் ஆண்டில் இயற்றிய குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017ஆம் ஆண்டுப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றெல்லாம் அது விதிக்கிறது. குடியேறியவனை இச்சட்டம் காக்கிறது. ஆனால், வாயிலில் நின்று வீடு கேட்பவனுக்குக் கதவைத் திறப்பது சட்டத்தின் கையில் இல்லை. உள்ளே இருப்பவர் கையிலேயே இருக்கிறது.

இதைக் கேட்கும் மாணவர்களில் பலர் நாளை வேற்று நாடுகளுக்குச் செல்வீர்கள். அங்கே வீட்டுக்காரர் உங்கள் பெயரையும் நிறத்தையும் உணவையும் பார்த்துத் தயங்கக்கூடும். வேறு பலர் இங்கேயே இருந்து, சொந்த வீட்டில் 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை மாட்டுவீர்கள். வெளிநாட்டிலிருந்தோ வடநாட்டிலிருந்தோ வந்த ஒருவர் அதைப் பார்த்துக் கதவைத் தட்டுவார். 'யார், என்ன தொழில்?' என்று கேட்பது தவறன்று. அது வீட்டுக்காரரின் உரிமை. விடை சொல்ல அவருக்கு இடம் தராமல், பிறப்பைக் கேட்ட அளவிலேயே கதவைச் சாத்துவதுதான் தவறு. திண்ணை கொடுத்த முன்னோரின் பெருமையைப் பேசும் நாம், அவர்கள் தயங்கி நின்ற அந்த ஒரு படியையும் தாண்டினால், அவர்கள் தொடங்கிய அறத்தை நாம் நிறைவு செய்தவர்கள் ஆவோம்.