மாடு தின்ற படகு

ஆயிரம் மைல் கடலில் போகிற மாதிரி ஒரு படகு கட்டவேண்டும். ஆனால் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. உங்களால் முடியுமா?

பசிபிக் தீவுகளில் பாலினீசியர்கள் அதைத்தான் செய்தார்கள். அதிலும் ஹவாய்க்காரர்கள் மரம் தேடிய விதம் இருக்கிறதே, அது அலாதி!

அங்கே 'கோஆ' என்று ஒரு பருத்த காட்டு மரம். படகுத் தச்சர் அதைப் பார்த்தவுடன் கோடரியைத் தூக்கிவிட மாட்டார். 'எலெபாயோ' என்ற குட்டிப் பறவைக்காகக் காத்திருப்பார். அது வந்து அடிமரத்தைக் கொத்த ஆரம்பித்தால், போச்சு... அந்த மரம் வேண்டாம்! மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். எலெபாயோ பூச்சி தின்னும் பறவை. அது கொத்துகிறது என்றால் மரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கல் வாய்ச்சி. அதற்கான கல்லை மௌனா கியா மலையில் சுமார் 12,000 அடி உயரத்தில் வெட்டியெடுத்தார்கள். மரத்தைக் காட்டிலேயே ஓரளவு குடைந்து, கரைக்கு இழுத்து வந்து முடிப்பார்கள். இப்படி இரண்டு தோணிகளை இணையாக நிறுத்தி, குறுக்குக் கட்டைகள் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் நெடும்பயணத்துக்கு ரெடி. இந்த மாதிரி இரட்டைத் தோணிக்கு இங்கிலீஷில் 'கேட்டமரான்' என்று பெயர். வேறொன்றுமில்லை, நம்ம கட்டுமரம்தான்!

வினை 1793-ல் வந்தது. இங்கிலாந்துக் கப்பல் தலைவர் வான்கூவர், மன்னர் கமெஹமெஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவை பெருகட்டும் என்று கொல்லத் தடை போடப்பட்டது. பெருகின. காட்டுக்குள் புகுந்து கோஆ கன்றுகளை மேய்ந்து தள்ளின. மிச்சத்தை மர வியாபாரமும் மாட்டுப் பண்ணைகளும் பார்த்துக்கொண்டன.

1976-ல் 'ஹோகுலேயா' என்ற படகு, கருவிகள் எதுவும் இல்லாமல் நட்சத்திரம் பார்த்தே ஹவாயிலிருந்து தாஹிதி போய்ச் சேர்ந்தது. பெரிய சாதனை! ஆனால் அது பிளைவுட், ஃபைபர் கிளாஸில் செய்தது. 'தாத்தாக்கள் மாதிரி முழு மரத்தில் குடைவோம்' என்று 1990-களின் தொடக்கத்தில் கிளம்பினார்கள். மாதக்கணக்கில் காடு காடாக அலைந்தும், அவ்வளவு பெரிய, பழுதில்லாத கோஆ மரங்கள் இரண்டு கிடைக்கவில்லை!

கைகொடுத்தவர்கள் அலாஸ்காவின் பூர்வகுடிகள். 400 வயதுள்ள இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைத் தருவதாகச் சொன்னார்கள். ஹவாய்க்காரர்களுக்கோ வெட்ட மனசு வரவில்லை. 'நம் காட்டைத் தொலைத்துவிட்டு அடுத்தவர் காட்டில் கை வைப்பதா?' என்ற உறுத்தல். முதலில் சொந்த மண்ணில் கோஆ கன்றுகளை நட்டார்கள். பிறகுதான் அந்த மரங்களை வாங்கிக்கொண்டார்கள். அவற்றைக் குடைந்து 1993-ல் கடலில் இறக்கிய படகுக்கு 'ஹவாயிலோவா' என்று பெயர். 1995-ல் அதை அலாஸ்காவுக்கே கொண்டுபோய், மரம் கொடுத்தவர்களுக்குக் காட்டி நன்றி சொன்னார்கள்.

அன்று நட்ட கன்றுகள் படகு குடையும் அளவுக்குப் பருக்க இன்னும் பல தலைமுறை ஆகும். அதுவரை வாய்ச்சி பிடிக்கும் வித்தையை யாராவது யாருக்காவது சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மரம் மட்டும் வளர்ந்தால் போதுமா, சொல்லுங்கள்?