வேலிக்கு எவ்வளவு இடைவெளி?

போன குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு வேலி நட்டேன். இங்கே இங்கிலாந்தில் இலை உதிர்ந்திருக்கும் மாதங்கள்தான் இதற்குச் சரியான பருவம். வேரில் மண்கூட ஒட்டாமல், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி கட்டுக்கட்டாக வந்து இறங்கின ஹாதார்ன் முள்கன்றுகள். மீட்டருக்கு ஐந்து கன்று, இரண்டு வரிசை, எதிரெதிராக இல்லாமல் மாற்றி மாற்றி நட வேண்டும். நட்ட கையோடு பாதிக்கு வெட்டியும் விட வேண்டும், அப்போதுதான் அடியிலேயே கிளை பிடித்துச் சந்து அடைபடும். காசு கொடுத்து வாங்கிய கன்றை உடனே வெட்ட மனசு வருமா, சொல்லுங்கள்?

ராமகுப்பத்தில் எங்கள் நைனாவுக்கு (எங்கள் சித்தூர்ப் பக்கத் தமிழில் அப்பா) இதெல்லாம் அளவு நாடா இல்லாமலே தெரியும். கிளுவைப் போத்து என்றால் சாணுக்கு ஒன்று. ஆனைக்கற்றாழை என்றால் இரண்டு முழம், அது தானே குட்டி போட்டு இடத்தை நிரப்பிக்கொள்ளும். எங்கள் நிலத்துக்கும் சித்தப்பா நிலத்துக்கும் நடுவே அப்படி அவர் நட்ட வேலி இன்றும் இருக்கிறது.

அந்த வேலியைப் பற்றித்தான் அண்ணன் போன் செய்தார். "டேய், ஜேசிபி வெச்சு எடுத்துட்டு கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்துடலாம். சரின்னு சொல்லு." சரி என்றேன். இங்கே வேலி நட்டுக்கொண்டே அங்கே வேலியைப் பிடுங்கச் சொன்ன கதை!

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது ராய் மாக்ஸமின் புத்தகம். 2001-ல் வந்தது. தமிழில் 'உப்பு வேலி' என்ற பெயரில் சிறில் அலெக்ஸ் மொழிபெயர்த்திருக்கிறார். இந்தியாவைக் குறுக்கே வெட்டி ஆங்கிலேயர் வளர்த்த ஒரு முள்வேலியின் வரலாறு அது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். வங்காள மாகாணத்தில் உப்பு வரி அதிகம். ராஜபுதனத்து சமஸ்தானங்களிலிருந்து மலிவான உப்பு உள்ளே வந்துவிடக் கூடாது. அதற்காகச் சிந்து நதியிலிருந்து மகாநதி வரை ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். 1869-ல் அதன் நீளம் சுமார் 2,300 மைல், காவலுக்குக் கிட்டத்தட்ட 12,000 பேர். முதலில் வெட்டிப்போட்ட காய்ந்த முள்தான் வேலி. மைலுக்கு 250 டன் முள் தேவைப்பட்டது. அதையும் கறையான் தின்றது, தீ பிடித்தது, காற்று அடித்துக்கொண்டு போனது. வருஷா வருஷம் பாதியை மாற்ற வேண்டியிருந்தது.

1867-ல் சுங்க ஆணையராக வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885-ல் காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்! செத்த முள்ளுக்குப் பதில் உயிர்வேலி என்று முடிவெடுத்தார். மண் மோசமான இடத்தில் பள்ளம் வெட்டி நல்ல மண் கொட்டினார்கள். வெள்ளம் வரும் இடத்தில் கரை எழுப்பி அதன்மேல் நட்டார்கள். தண்ணீருக்குக் கிணறு தோண்டினார்கள். கருவேலம், இலந்தை, களா, கள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு எது வருமோ அது. நைனா பார்த்திருந்தால் "ஆள் விவரமானவன்" என்றிருப்பார். சில இடங்களில் 12 அடி உயரமும் 14 அடி அகலமும் இருந்தது. 1878-ல் 400 மைலுக்கு மேல் முழுமையான பச்சை வேலி நின்றது.

வேலை என்னவோ அருமைதான். ஆனால் அது எதற்காக? ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்கு.

1879 ஏப்ரல் 1-ல் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள். மனம் இரங்கி அல்ல. சமஸ்தானங்களோடு ஒப்பந்தம் போட்டு, உப்பளங்களையே கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உப்பு பிறக்கும் இடத்திலேயே வரி வாங்கிவிட்டால் நடுவில் வேலி எதற்கு? நாடெங்கும் வரி ஏறக்குறைய ஒன்றாக வேண்டும் என்று வடக்கே கொஞ்சம் குறைத்தார்கள். சென்னை மாகாணத்தில் ஏற்றினார்கள். அது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய காலம். எங்கள் குப்பம் பகுதி அப்போது சென்னை மாகாணத்து வடஆற்காடு மாவட்டம் (சித்தூர் மாவட்டம் 1911-ல்தான் பிறந்தது). வேலியைக் கண்ணாலும் பார்க்காத எங்கள் முப்பாட்டன்கள், அதைக் கலைத்த செலவில் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

மாக்ஸம் மூன்று முறை இந்தியாவுக்கு வந்து தேடி, 1998-ல் எட்டாவா மாவட்டத்தில் ஒரு மண்கரையும் கொஞ்சம் முள்மரங்களும் மட்டும் கண்டார். அவ்வளவுதான் மிச்சம்.

புத்தகத்தை மூடியபோது நினைவுக்கு வந்தது நைனா வேலியில் விட்டிருந்த கடவு. ஓர் ஆள் குடத்தோடு நுழையும் அகலம். கிணறு எங்கள் பக்கம். சித்தப்பாவோடு நைனாவுக்குப் பல வருஷம் பேச்சே கிடையாது. ஆனாலும் சித்தி அந்தக் கடவு வழியாகத்தான் தண்ணீர் எடுக்க வருவார். ஒரு மழைக்காலத்தில் கிளுவை தழைத்து வழியை மூடப் பார்த்தது. நைனா அரிவாளோடு போய்க் கழித்துவிட்டு வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஹியூமின் வேலியிலும் வழி உண்டு. ஆனால் அங்கே வாசலில் ஆள் நின்று மூட்டையைச் சோதிப்பான்.

மறுநாள் அண்ணனை அழைத்தேன். "அண்ணா, கம்பி போடணும்னா போடுங்க. அந்தக் கடவை மட்டும் விட்டுடுங்க."

"கிணறு வத்திப் பத்து வருஷமாச்சுடா. இப்போ போர்தான். யாரு வரப் போறாங்க?"

"யாரும் வரலைன்னாலும் விடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீ அங்க உக்காந்துகிட்டு ஈஸியா சொல்லிடுவே. சரி, பாக்கறேன்" என்றார். விட்டாரா, அடைத்தாரா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போதுதான் தெரியும்.

இங்கே என் கன்றுகளில் துளிர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, நடுவில் ஓர் இடத்தில் மூன்று கன்று பட்டுப்போச்சா என்று கேட்டார். இல்லை, அங்கே நான் நடவே இல்லை என்றேன்.